ஐந்து விசிறித் தகடுகள்

என் மனைவியின் கண்ணில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவே சில மாதங்கள் எடுத்தன. பார்வை குறைகிறது என்றால் எல்லாமே மங்கலாகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். அவள் எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் மறையும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் தெரியும். அதனால் என்னோடு கதைக்கும்போது எனக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்துத்தான் கதைப்பாள். நான் தொண்டை கிழியக் கத்த இவள் பல்லி பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று முதலில் எரிச்சல்பட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கட்டடத்தில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிறது, இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது என்று டொக்டர் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தைக்கலாமா என்று ஒரேயொரு கேள்வி கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இல்லை என்று எடுத்தேன். அவள் ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

நான் ஓர் அரசாங்க வரைபட அலுவலகத்தில் படவரைஞராக இருந்து இளைப்பாறியவன். அவள் வீட்டிலிருந்தே சாறிச் சட்டை தைப்பவள். நான் கந்தோரில் கோடு போட்ட காலம் முழுக்க அவள் வீட்டில் கோடு போட்டாள். என்னுடைய கோடுகள் கோப்புகளுக்குள் போய்ப் படுத்துவிட்டன. அவளுடையவை கலியாணவீடுகளில் நடமாடின. இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு பின்னேரம் மெஷின் ஊசி அவளுடைய சுட்டுவிரல் நகத்துக்குள்ளால் இறங்கிவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டது நான்தான். பயத்தில் வந்த கோபம் அது, ஆனால் வாயால் வரும்போது வெறும் கோபமாகத்தான் வந்தது. இந்த மெஷினைக் கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் நடக்கிற தையல் வகுப்புக்குத் தூக்கிக் கொடுக்கப்போகிறேன், இனி இந்த வீட்டில் தையலே இல்லை என்று கத்தினேன். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் தானாக வந்து எனக்கு முன்னால் இருந்தாள். சட்டைத் தையல் முடிந்துபோய்விட்டது என்று தனக்கே தெரியும் என்றாள். கைக்குழி வெட்டவும் கொளுக்கி வைக்கவும் கண் வேண்டும். ஆனால் கையால் தடவியே செய்யக்கூடிய ஒரு தையல் இருக்கிறதாம். மெல்பேர்னில் இருக்கிற எங்கள் மகள் அங்கே ஒரு வகுப்பில் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னாளாம். இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சு விரிப்பை வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற குவில்ட் போர்வை. அதில் விசிறி என்று ஒரு பழைய கோலம். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து வளைவு சேர்ந்தால் ஒரு விசிறி. அதன் முதுகில் அடுத்த விசிறி சாய்ந்திருக்கும். அப்படியே வரிசை வரிசையாகப் போகும். கண்ணால் பார்த்து வளைக்கத் தேவையில்லை. வளைவாக வெட்டிய தகட்டைத் துணிமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டால், மெஷினில் ஊசியைச் சுற்றிப் பூட்டிய, துணியை அழுத்துகிற வட்டமான ஃபூட் அந்தத் தகட்டின் ஓரத்தை உரசிக்கொண்டே போகும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"ஒரு வரிசை. ஒரே ஒரு வரிசை விசிறி, நீங்கள் கையும் வைக்காமல் வாயும் திறக்காமல் இருக்க நான் தைக்கிறன். சரியா வந்தால் மெஷின் இஞ்சதான் இருக்கும். வராட்டி நானே ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிக் குடுக்கிறன்."

நான் உடனே ஒத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்றால், வராது என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

ஆனால் வளைவு என்று கேட்டதும் உள்ளே கிடந்த படவரைஞன் எழும்பிவிட்டான். இந்த விசிறியை யார் கண்டுபிடித்தது, காம்பஸ் இல்லாத காலத்தில் எப்படி வரைந்தார்கள் என்று அவளைக் குடைந்தேன். மகள் அதையும் சொல்லியிருந்தாள். பெண்கள் விரித்துக் கட்டிய துணியைச் சுற்றி இருந்து, முழங்கையைத் துணியில் ஊன்றி, கையில் சோக்கைப் பிடித்து ஒரு வீச்சு வீசுவார்களாம். அவ்வளவுதான் காம்பஸ்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் முழங்கையை ஊன்றிச் சோக்கால் வீசிப் பார்த்தேன். அச்சொட்டான வட்டவில்! பிடியைக் குறைத்துக் குறைத்து வீச, உள்வளைவுகளும் வந்தன. பிறகு அவளுடைய கையைப் பிடித்து ஊன்றி வீச வைத்தேன். அவளுடைய வளைவு என்னுடையதைவிட ஒன்றரை அங்குலம் சின்னது. அப்படியென்றால் ஒரே துணியைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தால் எட்டு அளவில் விசிறி போட்டிருப்பார்களே, நடுவில் எப்படிப் பொருந்தியது? இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் பிடித்து ஆட்டியது. அவளோ சோக் தூசு சோற்றுக்குள் விழும் என்று மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மகள் அந்த வட்ட ஃபூட்டைத் தபாலில் அனுப்பினாள். தகடுகளையும் சேர்த்து அனுப்பவா என்று கேட்டபோது நான் இடையில் புகுந்து, ஆயுள் முழுக்கக் கோடு போட்டவனுக்குப் பிளாஸ்டிக் தகடு வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமா என்று மறுத்துவிட்டேன். நானே மட்டையில் ஐந்து கால்வட்டங்களை வரைந்து வெட்டினேன். கோடு எங்கே வரவேண்டுமோ, மட்டையின் ஓரம் மயிரிழை பிசகாமல் அங்கே. அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் பெயர்ப்பலகைக்கும் சுருபப் பெட்டிக்கும் அக்ரிலிக் வெட்டுவார்கள். அந்தோனியாருக்கும் பிள்ளையாருக்கும் ஒரே அளவில் பெட்டி அடித்துப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர் மட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது என்ன விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே விளங்கியதாகத் தலையாட்டினார். அவளை அவரோடு விட்டுவிட்டு நான் எதிரே இருந்த கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

தகடுகள் ஐந்தும் வந்தன. துணியில் வழுக்காமல் இருக்க அடியில் உப்புத்தாள் துண்டுகளை ஒட்டினோம். பழைய படுக்கை விரிப்பு ஒன்றில், பஞ்சு வைத்து, பழகத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்து பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வாய் பிளந்துவிட்டது. என் தொழிலில் தாள் நிற்கும், பேனை நகரும். இங்கே ஊசி நிற்கிறது, தாள்தான் நகர்கிறது. துணியை இழுத்துக்கொடுக்கிற பற்களை இறக்கிவிட்டு, தகட்டையும் துணியையும் சேர்த்துப் பிடித்து, நிற்கிற ஊசியைச் சுற்றி அவள் முழுப் போர்வையையும் வளைத்தாள். நானும் ஒருதரம் கேட்டு வாங்கிச் செய்து பார்த்தேன். என்னுடைய விசிறி சப்பின பனங்கொட்டை மாதிரி வந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பல நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஆனால் அவளுடைய விசிறிகளும் பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்து விசிறியின் முதுகில் ஏறியது. வரிசை முடியும்போது கடைசி விசிறியின் ஓரம் துணிக்கு வெளியே போய்விட்டது. ஸ்டீல் ரூலரை வைத்து அளந்தேன். ஒவ்வொரு வளைவும் முக்கால் அங்குலம் பெரிது. எனக்கு வந்த கோபத்தில் அடுத்த நாளே தகடுகளைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய் நின்றேன். அவளும் கூட வந்தாள். கடைக்காரர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு என் மட்டையை எடுத்துத் தகட்டின்மேல் வைத்துக் காட்டினார். வளைவு முழுக்க அரை அங்குலம் கூட இருந்தது.

"அக்காதானே சார் சொன்னாங்க, வளைவுல அரை இஞ்சி கூட விட்டு வெட்டச் சொல்லி."

நான் திரும்பினேன். அவள் சுருபப் பெட்டிகளின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

"தையலுக்கு விடவேணுமெல்லே?" என்றாள்.

சட்டை வெட்டுகிற கை அது. எந்த அளவைக் கொடுத்தாலும் தையலுக்கென்று அரை அங்குலம் கூட்டித்தான் வெட்டும். வழக்கம்போலக் கத்த வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றது. அவள் கூட்டியது அரை. பிசகு முக்கால். மிச்சக் கால் அங்குலம் எங்கேயிருந்து வந்தது?

அவளுக்கு அது என்னைவிட முதல் விளங்கிவிட்டது. கழற்றிக் கொண்டுவந்திருந்த அந்த வட்ட ஃபூட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஊசி இறங்குவது அதன் நடுவில். தகட்டை உரசுவது அதன் ஓரம். நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் சரியாகக் கால் அங்குலம். தகட்டின் ஓரத்தில் தையல் விழாது, கால் அங்குலம் வெளியேதான் விழும். கோட்டிலேயே தகட்டை வெட்டச் சொன்னது நான்! ஃபூட் வீட்டில் வந்து கிடந்தது, ஒருநாளாவது அதை அளந்து பார்த்தேனா? கடைக்காரருக்கு முன்னால் நன்றாக மூக்குடைபட்டேன். மன்னிப்புக் கேட்டேன், இரண்டு பேரிடமும்.

சட்டைக்குக் கூட்டவேண்டும், இதற்குக் கழிக்கவேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கு அவளுக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், திரும்பி வரும் பஸ்ஸில் வேறு வேறு அளவுகளைச் சொல்லி என்னைக் கழித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைக்காரர் என் மட்டையைவிடக் கால் அங்குலம் குறைத்து ஐந்தையும் புதிதாக வெட்டித் தந்தார்.

ஒப்பந்தப்படி தைக்கவேண்டிய நாள் வந்தது. காலைத் தேத்தண்ணி முடிந்ததும் மெஷினில் இருந்தாள். மேலே வெளிர் மஞ்சள் பருத்தித் துணி, கீழே அவளுடைய பழைய சாறி ஒன்று, நடுவில் பஞ்சு. நூலும் அதே வெளிர் மஞ்சள். விசிறி தொடங்கும் இடங்களில் முதல்நாளே சின்ன முடிச்சுகள் போட்டு வைத்திருந்தாள், விரலுக்குத் தட்டுப்பட. தகடுகளைச் சின்னதிலிருந்து பெரிதாக இடப்பக்கம் அடுக்கினாள். நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன், வாய் திறப்பதில்லை என்ற சத்தியத்தோடு.

அவள் துணியைப் பார்க்கவேயில்லை. பல்கனிக்கு வெளியே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் தெரிகிற துண்டுக் கடலைப் பார்த்தபடி தைத்தாள். விரல் முடிச்சைத் தேடும். தகட்டின் மூலை அதில் வந்து இருக்கும். இரண்டு கையாலும் தகட்டை அழுத்துவாள். மெஷின் சீராக ஓடும். பிறகு அடுத்த தகடு. கீழே தண்டவாளத்தில் கோச்சி போனபோது மேசை அதிர்ந்தது. அவளுடைய கை அசையவில்லை. நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தகட்டின் ஓரத்தையே பார்த்தேன். ஃபூட் எங்கேயாவது விலகுகிறதா, எங்கேயாவது ஏறுகிறதா? மூன்றாவது விசிறிக்குப் பிறகு எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. நான் அவள் பிழைவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பிழைவிடக்கூடாது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஒன்பது விசிறி. கடைசியை முடித்து, மிதியிலிருந்து காலை எடுத்து, "எப்பிடி?" என்றாள். இப்போது வாய் திறக்கலாம்.

நான் குனிந்து ரூலரை வைத்தேன். ஒவ்வொரு வளைவும் இருக்கவேண்டிய இடத்தில். விசிறியின் முதுகில் விசிறி அச்சாகப் பொருந்தியிருந்தது. துணியை இழுத்து நேராக்கக் கையை வைத்தேன். ஆறாவது விசிறியில் நூல் விரலோடு வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். வந்துகொண்டேயிருந்தது. கீழ்நூல் முடிந்துபோயிருந்தது. கீழ்நூல் சுற்றியிருக்கும் பொபின் வெறுமையாகச் சுற்ற, மேல்நூல் சும்மா துணிமேல் படுத்திருக்க, அவள் நான்கு விசிறிகளைத் தைத்திருக்கிறாள். இருந்தது வெறும் ஊசித் துளைகள், வளைவு வளைவாக.

நல்லா வந்திருக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் இன்னும் ஒரு நிமிடத்தில் கையை வைப்பாள். சொன்னேன்.

"ஆறாவது விசிறியோட கீழ்நூல் முடிஞ்சு போச்சு. மிச்சம் வெறும் ஓட்டைதான்."

அவள் முதல் விசிறியில் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். ஆறாவதில், நூல் விட்ட அதே இடத்தில், விரல் நின்றது.

"நீங்கள் பக்கத்திலதானே இருந்தனீங்கள்?"

"ஓம்."

"உங்கட கண்ணுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப நீங்களும் காணேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, கண்டுபிடித்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். நான் எழும்பிப் போய் நூல்கட்டையை எடுத்து வந்தேன். பொபினில் நூல் சுற்றுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்டேன்.