நெட்டையும் குட்டையும் நின்ற கதவு

எங்கள் தையல் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவர் பட்டன் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. அவர் பொத்தான் வைத்துத் தள்ளுகிற சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவது என் வேலை. ஆண்டவன் எங்கள் இருவரையும் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்திருக்கிறார். அதனால் அவர் கதை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் செருப்பைத் தேடி ஓடுவோம். அக்கா மட்டும் எழுந்து நின்று மடியை உதறுவார். பொத்தான் ஏதாவது தவறி ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடக் கூடாதாம்.

"என்னம்மா, முதலாளி சொத்து முழுக்க உன் மடியிலதான் இருக்கா?" என்பார் கட்டிங் மாஸ்டர்.

"இருந்தா அது அவரோடதே இருக்கட்டும் மாஸ்டர். எனக்கு எதுக்கு அந்த பாரம்?"

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு ஆசை. வீடு, நகை என்றால் நாலு பேருக்குப் புரியும். அவர் ஆசைப்பட்டது ஒரு பழைய வீடியோ கேமுக்கு.

அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் மாமியார், கணவர், நாத்தனார். கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிட இல்லாத நாளே அதிகம். நாத்தனாருக்கும் அக்காவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதுவே வம்பாகிப் போனது. துணி காயப்போடுகிற கயிற்றில்கூட இது உன் பக்கம், இது என் பக்கம் என்று இருந்தார்களாம். அப்போதுதான் நாத்தனார் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டு, கட்டுப் போட்டுப் படுத்தாள்.

தங்கை முகம் தொங்கிப்போனதைப் பார்க்கப் பொறுக்காமல், அக்காவின் கணவர் ஒரு பெட்டி கொண்டு வந்தார். யாரோ வீடு காலி செய்தபோது, சாமான் ஏற்றிவிட்ட இவருக்குச் சும்மா கொடுத்தது. டிவியோடு இணைக்கிற கேம் பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரே ஒரு கேசட்.

அந்த விளையாட்டை ஒருத்தர் தனியாக ஆட முடியாது. காட்டுக்குள் இரண்டு பொம்மைகள் நடக்கும், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. நெட்டை ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால்தான் குட்டைக்கு வழி திறக்கும். குட்டை தாண்டிப் போய் அந்தப் பக்கத்துக் கல்லில் நின்றால்தான் நெட்டை வர முடியும். படுத்திருந்த நாத்தனார் ஒரு மத்தியானம் முழுக்க நெட்டையை மட்டும் கல்லில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சமையலறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாளாம்.

"அண்ணி, கொஞ்சம் வர்றீங்களா?"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் அண்ணி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் ஊசி சட்டையிலேயே நின்றுவிடும்.

திரையில் வருகிற எழுத்து இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. அவர்களாகவே ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தார்கள். அழுமூஞ்சி ஆந்தை, மாமியார் பாறை (தலையில் விழும்). வழியில் அங்கங்கே எரிகிற கல்விளக்கு வரும். யாரோ புண்ணியவான் ஏற்றிவைத்தது, தொடக் கூடாது என்று முடிவு செய்து, இரண்டு பொம்மையையும் அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்க வைத்து, பயபக்தியோடு விலகிப் போவார்களாம். அந்த விளக்கிடம் நின்று பொத்தானை அமுக்கினால் அதுவரை ஆடியது சேமிப்பாகும் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரியாத பாவத்துக்கு, விளையாட்டு அழிந்துவிடாமலிருக்கப் பெட்டியை அணைக்கவே மாட்டார்கள். ராத்திரியெல்லாம் எரியும். சூடாகாமலிருக்க விசிறி வேறு.

கால் கட்டுப் பிரிக்கிற சமயம், பெரிய கதவு ஒன்றின் முன்னால் வந்துவிட்டார்கள். அதற்கு முன்னால் இரண்டு கல். நாத்தனாரின் நெட்டை ஒன்றில் ஏறிவிட்டான். அக்காவின் குட்டை ஏறவேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமியார் வந்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு அயர்ன் பாக்ஸைச் சொருகினார்.

"என்னடி, எழவு விழுந்த மாதிரி ரெண்டு பேரும் அலர்றீங்க? ஒரு ரவிக்கை தேய்க்கக் கூடாதா நான்?"

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பாதிக் காடு தாண்டும்போது நாத்தனாருக்குக் கல்யாணம் கூடிவந்தது. விமானம் ஏறிப் போனாள். அக்கா தனியாகப் போட்டுப் பார்த்தார். குட்டை வழியில் நிற்பான், நெட்டையைக் கல்லில் ஏற்ற ஆளில்லை. எடுத்து அலமாரி மேல் வைத்தார். ஒரு மழைக்காலம் கூரை ஒழுகிப் பெட்டியும் கேசட்டும் ஊறிப்போயின.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஓடிவிட்டன. போன வருடம் நாத்தனார் போனில் சொன்னாள், கண் மங்கிக்கொண்டே வருகிறது, மருத்துவர் நம்பிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை என்று. அழவில்லை. "அண்ணி, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்னதான் இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். லீவுக்கு வருவதாகவும் சொன்னாள்.

அக்கா மறுநாளே எங்கள் கூடத்துக்கு எதிரில் உள்ள டிவி ரிப்பேர்க்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, அத செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. இன்னொருத்தன் வாங்கிட்டான். அவன் இத விக்கறதில்ல. ஆனா காப்பி கெடைக்கும். இறக்கித் தர்றேன், நாளைக்கே ஆடுங்க."

"அவங்க கிட்ட சொல்லிட்டுத்தான எடுப்ப?"

"யாரு சொல்லுவா? உலகமே இப்படித்தான் எடுக்குது."

"அப்ப வேணாம் தம்பி. கேட்டு வாங்கு. விலை சொன்னா குடுத்துடறேன்."

"கம்பெனிக்காரன் உங்களுக்காக உக்காந்திருக்கானாக்கும்!" என்று முணுமுணுத்தபடி அவரே அக்கா சொல்லச் சொல்ல மெயில் அடித்து அனுப்பினார்.

கேட்டால் கொடுப்பார்கள் என்று அக்கா நம்பியதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு அம்மாள், இறந்துபோன கணவரின் சட்டையைக் கொண்டு வந்தார். ஒரு பொத்தான் இல்லை. பச்சையும் நீலமுமாய் மின்னுகிற பழைய மாதிரி. எங்கள் மேல்தட்டில் ஒரு டப்பா நிறைய அது கிடந்தது, அந்த மாதிரிச் சட்டை தைப்பதை விட்டுப் பல காலம். அக்கா எடுத்துக் கொடுத்துவிடவில்லை. முதலாளி வரும்வரை அந்த அம்மாளை உட்காரவைத்துக் கேட்டார். முதலாளி டப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "இத வச்சு நான் என்ன பண்ணப்போறேன்? ஜன்னல்ல வச்சிடு. வந்து கேக்கறவங்க யாரா இருந்தாலும் எடுத்துக்கட்டும்." இன்றைக்கும் அந்த டப்பா ஜன்னலில்தான் திறந்து கிடக்கிறது.

பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் சாப்பாட்டு வேளையில் இதே பேச்சுத்தான். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒருத்தன் மூளைய கசக்கிச் செஞ்சத ஓசியில கேட்டா எப்படி? துணி வெட்டற என் பேட்டர்ன் அட்டைய எவனாவது தூக்கிட்டுப் போனா சும்மா விடுவேனா?"

"யாரு மாஸ்டர் ஓசியில கேட்டா? விலை சொல்லுன்னுதான் கேக்கறேன். விக்கவும் மாட்டாங்க, விடவும் மாட்டாங்கன்னா, அது யாருக்குத்தான் இருக்கு?"

"அது அவன் இஷ்டம்மா."

"செஞ்சவங்க உசுரோட இருந்தா அவங்களுக்குச் சோறு வேணும், சரி. ஆனா எல்லாத்துக்கும் ஒரு காலம் முடியணுமில்ல?"

மாஸ்டர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். நான் அதிகம் படித்தவள் இல்லை. சட்டம் தெரியாது. காலையில் கும்பிடும்போது நான் பாடுகிற பாட்டை யாரோ ஒருவர் எழுதியிருப்பார். அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்கு உரியது கிடைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இன்றைக்கு அதைப் பூட்டி வைத்திருந்தால் நான் எதைச் சொல்லிக் கும்பிடுவேன்?

பதில் வந்தது. ரிப்பேர்க்காரர் படித்துச் சொன்னார். ஆர்வத்துக்கு நன்றியாம். அந்த விளையாட்டு இப்போது விற்பனையில் இல்லையாம். நகல் எடுக்க யாருக்கும் அனுமதி இல்லையாம்.

"இப்பவாவது காப்பி போட்டுத் தரட்டுமா?" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை. அக்கா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே, வாங்கிக்கோங்க அக்கா என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது.

"கேக்காம இருந்திருந்தாலாவது ஒரு சமாதானம் சொல்லிக்கலாம். கேட்டு, இல்லன்னு சொன்ன பிறகு எப்படி தம்பி எடுக்கறது?" என்று சொல்லி அக்கா படி இறங்கிவிட்டார்.

நாத்தனார் வந்தாள். விடுமுறை நாளில் நானும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் தெரிகிறது, நேரே பார்த்தால் புகை என்றாள். அக்கா நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கோபப்படவில்லை. "ஜாய்ஸ்டிக் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. இரண்டுமே ஊறாமல் தப்பியிருந்தன. அணைந்து கிடந்த டிவி முன்னால் இரண்டு பேரும் பழையபடி தரையில் உட்கார்ந்து ஆளுக்கொன்றைக் கையில் எடுத்தார்கள். ஒயர் எங்கும் சொருகவில்லை.

"அண்ணி, நான் ஏறிட்டேன். போங்க."

"போயிட்டேன். ஆந்தை வருது, குனி!"

"குனிஞ்சிட்டேன். ஐயோ, மாமியார் பாறை!"

"மெதுவாடி. சுவத்துல போட்டோவா இருந்தாலும் அவங்களுக்குக் காது கேக்கும்."

கல்விளக்கு வந்தபோது பழையபடி அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்கள். பிறகு நடந்தார்கள். காடு முழுக்க அவர்களுக்கு மனப்பாடம். கடைசியில் பெரிய கதவு வந்தது.

"நெட்டை ஏறிட்டான்," என்றாள் நாத்தனார்.

"குட்டையும் ஏறிட்டான்."

இரண்டு பேர் கையும் பொத்தானிலேயே இருந்தது. அதற்கு மேல் அவர்கள் பார்த்ததில்லை. ஒரு தோட்டம், ஒரு கடல் என்று அக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். நாத்தனார் நம்பியிருப்பாள். அக்கா, "தெரியலையே" என்றார்.

அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு அக்கா மறுபடியும் ரிப்பேர் கடைக்குப் போனார்.

"இன்னொரு மெயில் போடு தம்பி."

"அதான் முடியாதுன்னுட்டாங்களே அக்கா. அதையே மறுபடி கேக்கறதா?"

"இல்ல. எனக்குன்னு கேட்டேன், முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு லேசா போச்சு. இந்தத் தடவை எல்லாருக்கும்னு போடு. விக்க மனசு இல்லன்னா ஜன்னல்ல வச்சிடுங்க, வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்னு போடு."

ரிப்பேர்க்காரர் அப்படியே அடித்தார். அடியில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். நானும் என் பெயரைச் சொன்னேன். மாஸ்டர் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்துவிட்டு, "என்னையும் போட்டுத் தொலைங்க" என்றார்.

இன்னும் பதில் இல்லை. அந்தக் கம்பெனிக்காரர் மனசில் ஆண்டவன் இறங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், நாத்தனார் கண்ணில் வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே. சாப்பாட்டு வேளையில் நாத்தனாரிடமிருந்து போன் வரும். அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எடுப்பார். அவள் கேட்பது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"இன்னும் இல்லடி. நான் இங்க ஏறித்தான் நிக்கறேன். நீயும் கல்ல விட்டு இறங்கிடாத."