‘ரெண்டு போதும்’ என்று சொன்ன குளிர்காலம்

அப்பாவோடு டயர்க் கடைக்குள் நுழைந்ததுமே புது ரப்பரின் வாடை தொண்டைவரை இறங்கிக் கசந்தது. எனக்கு அப்போது பத்து வயது. தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனுக்கு நாங்கள் குடிவந்த இரண்டாவது குளிர்காலம். அம்மா ஆறு மாதக் கர்ப்பிணி. எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்ததால், வாரம் தவறாமல் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அப்பா விடியற்காலை ரயிலில் நியூயார்க் ஆபீசுக்குப் போய்விடுவார். அந்தக் கோடையில்தான் லைசன்ஸ் வாங்கியிருந்த அம்மா, இருபது நிமிட தூரத்தைத் தானே ஓட்டிப் போய் வருவாள். அதனால்தான் பனியில் வழுக்காத ‘ஸ்னோ டயர்’ பற்றிய பேச்சே வீட்டில் எழுந்தது.

அப்பா இன்ஜினியர், எதையும் யோசித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார், திறந்தபின் மாற்றமாட்டார். “முன் சக்கரத்தத்தான் இன்ஜின் சுத்துது. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது. முன்னாடி ரெண்டுக்கு மட்டும் போட்டாப் போதும்” என்றார். கடைக்காரர் நரைத்த தாடிக்காரர். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, போட்டால் நாலும் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம், முன்னே பிடித்துப் பின்னே வழுக்கினால் வண்டி சுற்றிவிடும் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லி, மேஜைமேல் விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அப்பா சிரித்துக்கொண்டே இரண்டைத்தான் போடச் சொன்னார். காரில் ஏறியதும், “விக்கறவன் நாலுன்னுதான் சொல்வான்” என்றார்.

வீட்டில் படுத்திருந்த அம்மா எழுந்து வந்து, “கடைக்காரர் என்ன சொன்னார்?” என்று கேட்டாள்.

“ரெண்டு போதும்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீயும்தானே இருந்தே? கடைக்காரரே அப்படிச் சொன்னாரா?”

அப்பா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு கணம் லேஸிலேயே நின்றதைப் பார்த்தேன். “யா, டூ இஸ் ஃபைன்” என்றேன். எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வேன். அன்று அது வசதியாகவும் இருந்தது, தமிழில் சொல்லியிருந்தால் வாய் குழறியிருக்கும்.

அதன்பின் பெய்த பனியில் கார் மேட்டில் சிரமமில்லாமல் ஏறியது. “என்னமா புடிச்சிக்கிட்டுப் போகுது!” என்று அம்மா வியக்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பனியால் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாள், டாக்டரிடமிருந்து திரும்பும் வழியில் பின்சீட்டில் நான் இருந்தேன். சாலை சரிந்து ஓடைப் பாலத்துக்கு வளையும் இடத்தில் அம்மா பிரேக்கை லேசாகத்தான் தொட்டாள். முன் சக்கரங்கள் தரையைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் எங்களை முந்தப் பார்ப்பதுபோல விலகியது; மரங்கள், பாலத்தின் கம்பி, நாங்கள் வந்த சாலை எல்லாம் ஜன்னலில் வரிசையாகச் சுழன்றன. பின் பம்பர் கம்பியோரப் பனிக்குவியலில் மோதிக் கார் நின்றபோது வந்த திசையைப் பார்த்திருந்தோம். எதிரே வந்த லாரி ஹார்ன் அலற, அங்குலக் கணக்கில் எங்களைத் தாண்டிப் போனது.

“அம்மா...”

“இரு. பேசாதே.”

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணாடி முழுக்க எங்கள் மூச்சு படர்ந்துவிட்டது. கடைசியில், “அசையுது” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வெடித்தது, தமிழிலேயே. “கடைக்காரர் நாலுன்னுதான் சொன்னார்மா. நான் பொய் சொல்லிட்டேன்.”

“அப்பாவுக்குப் பயந்தா?”

“இல்ல. அப்பாவுக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்னு.”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. நடக்கிற வேகத்தில் வீடுவரை ஓட்டினாள். மாலை அப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னாள். என் பொய்யை மட்டும் சொல்லவில்லை. அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். “அந்த ஆள் நாலுன்னு சொன்னான். நாந்தான் கேக்கல” என்றார். தான் தவறியதாக அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை.

சனிக்கிழமை மூவருமாக டயர்க் கடைக்குப் போனோம். இடுப்பில் கைவைத்து நின்றபடி அம்மா தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்; நான் ஒரு சொல் விடாமல் இரு பக்கமும் மாற்றிச் சொன்னேன். வருடா வருடம் கோடையில் சக்கரத்திலிருந்து டயரைக் கழற்றிக் குளிரில் மாட்டினால் டயர் கெடும், நாலுக்கும் தனியாகச் சக்கரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். சுவரில் பளபளத்த அலாய் சக்கரங்களைப் பார்த்து அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். “அழகு பாக்க வரல. அந்தக் கறுப்பு ஸ்டீலே போதும்னு சொல்லு” என்றாள் அம்மா. ஏற்கெனவே வாங்கிய இரண்டோடு அதே ரகத்தில் இன்னும் இரண்டு ஏறின.

மார்ச்சில் கடைசிப் பனி கொட்டிய காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. ரயில் ஓடாததால் அப்பா வீட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அதே சரிவு வந்தது. அப்பா கண்ணாடியில் அம்மாவைப் பார்க்க, “ரோட்டப் பாருங்க!” என்று அம்மா அந்த வலியிலும் அதட்டினாள். முன்பக்கம் வளைந்தது, பின்பக்கமும் சாதுவாகக் கூடவே வளைந்தது. நண்பகலில் தம்பி பிறந்தான்.

இப்போது நான் டெக்சஸில், காப்பெலில் இருக்கிறேன். இங்கே ஸ்னோ டயரை யாரும் தேடுவதில்லை. போன வருடம் ஒரு வேலையாக நியூ ஜெர்சிப் பக்கம் போனேன். டயர்க் கடை இருந்த இடத்தில் மருந்துக்கடை. ஓடைப் பாலத்தை அகலமாக்கிச் சாலையை நேராக்கிவிட்டார்கள். நாங்கள் சுற்றி நின்றது எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரமாக நிறுத்தி அப்பாவுக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன்.

“டயர் வாங்கின அன்னைக்கு நீ அம்மாகிட்ட பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியும்டி” என்றார். “காதுல விழுந்துது. சும்மா இருந்துட்டேன்.”

இங்கே இப்போது வளைவே இல்லைப்பா என்று மட்டும் சொன்னேன்.