வாக்குச்சாவடியில் ஒரு மொட்டைத் தலை

நகராட்சித் தேர்தலில் என் நண்பர் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். பெரிய வேலைக்கு நான் லாயக்கில்லை என்று அறிந்தவர், என்னை வாக்குச்சாவடி முகவராக உட்கார வைத்தார். வருகிறவர் நம் தெருக்காரர்தானா என்று முகம் பார்த்துச் சொன்னால் போதும். மதியத்துக்குள் இடுப்பும் ஜனநாயகமும் சேர்ந்து வலித்தன.

அப்போது மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண் வந்தார். அடையாள அட்டைப் படத்திலோ நீளப் பின்னல். "இவங்க அவங்க இல்ல" என்று ஆட்சேபித்தேன். அதிகாரி அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். ஓட்டுப் போடாமலே திரும்ப வேண்டிய நிலை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்காரரு பொழச்சு வந்தாருன்னு நேத்துதான் மலைல முடி எறக்குனேன். தெனம் என் கையால இட்லி வாங்கிகினு போறீங்களே சார், ஒருநாளும் என் மூஞ்சிய பாத்ததில்லையா?"

குரல் தெரிந்தது. தெருமுனை இட்லிக் கடைக்காரர்.

"ஆங், இவங்கதான்" என்று முனகினேன்.

"முகம் பாக்கத்தான சார் உங்கள உக்கார வெச்சிருக்காங்க?" என்றார் அதிகாரி, களைப்பாக.

அந்தப் பெண் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். நண்பர் தோற்றார், அதற்கு நான் மட்டுமே காரணமில்லை என்று நம்புகிறேன். ஓட்டுப்பதிவுக்கு மறுநாள் இட்லி வாங்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, கணவர் எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சட்னியை அங்கேயே விட்டுவிட்டேன்.