ஊருணிக் கரையில் நான் வாசித்தது

ஒக்கூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் வாத்தியார் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. செக்காலையில் பிறந்தவன், வீட்டில் 'இங்குட்டு வா, அங்குட்டுப் போ' என்று பேசி வளர்ந்தவன்தான். நாலு இலக்கண நூல்களைப் படித்ததும் தலைகால் புரியவில்லை. வாயைத் திறந்தால் அச்சடித்த தமிழ். ஊரார் அதற்காகவே எனக்குக் கூடுதல் மரியாதை கொடுத்தார்கள். நானும் அதில் குளிர் காய்ந்தேன்.

எதிர்வீட்டில் வயல் வைத்திருந்த ஒரு சம்சாரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அண்ணன், மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி தனக்கு எடுக்கும்போதே எனக்கும் ஒரு குடம் ஊருணித் தண்ணீர் எடுத்து வந்து வைப்பார்.

அந்த ஐப்பசியில் பக்கத்து ஊரிலிருந்து சாவுக்கொட்டு கேட்டது. மறுநாளும் ஓயவில்லை. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. கொட்டுவதற்கு ஆள் இல்லையாம். மழையோ விடவில்லை, அந்த ஊரைத் தொட்டு வரும் வாய்க்கால்தான் எங்கள் ஊருணியை நிரப்புவது. நோயின் பெயரை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சொன்னால் வாசலுக்கு வந்துவிடும் என்று பயம்.

கிராம முன்சீப் என்னை அழைத்தார். தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்தால் பேதி வரும் என்று ஒரு அறிக்கை எழுதி, கரையில் நின்று வாசிக்கச் சொன்னார். அவர் சொன்னது ஒரே வரி. அதை அப்படியே எழுதினால் நான் படித்த படிப்பு என்ன ஆவது? அரைநாள் உட்கார்ந்து இழைத்தேன்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடியிருந்தது. 'விசூசிகை என்னும் கொடும்பிணி அண்மையிற் பரவுதலின், இவ்வூருணியின் நன்னீர் மாசுற்றதெனத் தெளிந்து, தழலேற்றித் தூய்மை செய்தாலன்றி ஒருவரும் பருகற்க' என்று கணீரென்று வாசித்தேன். அந்தக் கரையில் அதுவரை இப்படிப்பட்ட தமிழில் வாசிக்கப்பட்டதெல்லாம் ஊருணி வெட்டிய புண்ணியவான்களின் புகழும், கோயில் புராணமும்தான். கைகட்டிக் கேட்டார்கள். ஊருணி, நன்னீர், தூய்மை. அவர்கள் காதில் நின்றவை இவைதான்.

வாசித்து முடித்ததும் ஒரு பெரியவர் படியிறங்கி, உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தீர்த்தம் போலக் குடித்தார். அவர் பின்னால் இன்னொருவர். அப்புறம் அண்ணன்.

'குடிக்காதீக' என்ற சொல் என் தொண்டை வரை வந்தது. முன்சீப் பக்கத்தில் நின்று என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் வாத்தியார் தெருப்பேச்சில் கத்துவதா? ஒரு வாய்தானே, வீட்டுக்குப் போய்க் காய்ச்சிக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

சாயங்காலம் மதினி குடத்தோடு வந்தார்.

"நம்ம தண்ணியப் பத்தி எம்புட்டு அழகா வாசிச்சீக தம்பி. அண்ணனுக்கு ஒரே சந்தோசம். வயலுக்கும் ஒரு கலயம் கொண்டுக்கிட்டுப் போனாக."

காய்ச்சினீர்களா என்று கேட்டேன். நல்ல தண்ணீரை எதற்குக் காய்ச்ச வேண்டும் என்று சிரித்தார். தெருத்தெருவாக ஓடினேன். பேதி வருது, தண்ணியக் கொட்டுங்க, காய்ச்சிக் குடிங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு வீட்டில்கூட இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடங்களைக் கவிழ்க்கும் சத்தம் தெரு நெடுகக் கேட்டது. ஆனால் பகல் முழுக்கக் குடித்திருந்தார்கள்.

அண்ணனுக்கு மறுநாள் மத்தியானம் பேதி கண்டது. விடிவதற்குள் கண்கள் குழிவிழுந்து, ஆள் அடையாளமே தெரியவில்லை. வண்டி கட்டி வைத்தியரை அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. ஊரில் இன்னும் நான்கு பேர் போனார்கள்.

துக்கம் கேட்கப் போனேன். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழுகை வற்றியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு வாசிச்சீகளே, அந்தத் தாள்ல இது எழுதியிருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சு மதினி."

"வாசிச்சீக. ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லலையே."