கைதட்டலை ஒழித்தவன்

முப்பத்தோரு வருடமாக எங்கள் ஊர் நாடக அரங்கில் கோட் வாங்கி வைப்பது என் வேலை. லிதுவேனியாவில் கோட்டோடு போய் நாடகம் பார்க்க உட்காருவது அநாகரிகம். எவ்வளவு பெரிய மனிதரும் என்னிடம் கழற்றிக் கொடுத்து டோக்கன் வாங்கித்தான் ஆக வேண்டும். நாடகம் முடிந்து கோட் வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் போதும், எனக்கு விமர்சனம் படிக்கத் தேவையில்லை.

ரபோலாஸ் தலைநகர் வில்னியஸில் படித்துவிட்டு இயக்குநராக இங்கே வந்தபோது அவனுக்கு முப்பது வயது. அப்பா பீட்ரூட் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர், நல்ல மனிதர். பிள்ளையோ பேட்டிகளில் "நான் மூடுபனியில் பிறந்தவன்" என்பான். மேதை என்று பெயர் வாங்க அவன் கண்டுபிடித்த வழி ரொம்பச் சுலபம்: ஒவ்வொரு நாடகத்திலும் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுவது. முதலில் திரையை எடுத்தான். பரிசு கொடுத்தார்கள். அடுத்து நாற்காலிகளை எடுத்தான். கால் கடுக்க நின்ற வயசாளிகள் ஒவ்வொருவராக வந்து என் முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்கும் பரிசு. மூன்றாவதில் வசனத்தையே எடுத்துவிட்டான். அதைப் பார்த்து வில்னியஸ் விமர்சகர் ஒருவர் கண்ணீர் விட்டதாக எழுதியிருந்தார். என்னிடம் கோட் வாங்கும்போது அவர் விட்டது கொட்டாவி.

நான்காவது, எல்வீராவின் கடைசி நாடகம். நாற்பத்தெட்டு வருடம் இதே மேடையில் நடித்தவள், பிப்ரவரியோடு ஓய்வு. கடைசி நாளில் மேடை முனைக்கு வந்து குனிந்து வணங்க வேண்டும், ஊர்க்காரர்கள் வந்து பூக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது. எங்கள் ஊரில் சுமாராக நடிக்கிறவருக்கே அது கிடைக்கும். ரபோலாஸ் இந்த முறை அதைத்தான் எடுத்தான்.

"விளக்கு போட்டதும் நடிகருங்க எல்லாரும் பின்வாசல் வழியா போயிடணும். கைதட்டல்ங்கிறது ஒரு பொய்" என்றான்.

"தம்பி, எனக்கு இதான் கடைசி."

"எல்வீரா அம்மா, இது உங்க பொறந்தநாள் விழா இல்ல. கலை."

அவள் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரிசு வாங்கறப்ப மட்டும் இடுப்பு ஒடிய குனியறானே, அது என்னவாம்?"

"விடு தியோடோரா."

"நான் ஏன் விடணும்? ஊரே கோட் வாங்க எங்கிட்டதான வரணும்? வந்து என் பக்கத்துல நில்லு."

கடைசி நாளன்று வெளிநாட்டு விழா ஒன்றுக்கு நாடகம் பொறுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். நாடகம் முடிந்து விளக்கு எரிந்தது, மேடை காலி. இரட்டைப்படை சாவுக்கு என்பதால் ஒற்றைப்படையில் எண்ணிக் கட்டிய பூங்கொத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் திருதிருவென்று விழித்துவிட்டு, முணுமுணுத்தபடி என்னிடம் வந்தார்கள். மேடை ஒப்பனையைக்கூடக் கலைக்காமல் எல்வீரா என் அருகில் நின்றிருந்தாள். முதலில் வந்த மருந்துக்கடைக்காரி டோக்கனை நீட்டினாள். எல்வீரா அவளுக்குக் கோட்டைப் போட்டுவிட்டாள். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், ஐந்து டூலிப் பூக்களையும் எல்வீரா கையில் வைத்து, அந்தக் கையிலேயே முத்தமிட்டாள். அதற்கப்புறம் வரிசை நகரவே இல்லை. யாரோ கைதட்ட, மாடிப்படி வரை நின்ற கூட்டம் முழுக்கத் தட்டியது. யாருடைய கோட்டையோ நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எல்வீரா குனிந்து வணங்கினாள். நான் அழுதேன், மறைப்பானேன்?

அப்போதுதான் ரபோலாஸ் விருந்தாளிகளோடு வந்தான். இதுவும் நாடகமா என்று அவர்கள் கேட்டார்கள். அவன் மூச்சுக்கூட விடாமல் ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னான். வரிசையில் நின்ற பள்ளிக்கூட டீச்சர் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டாள்.

"இதான் கடைசிக் காட்சியாம். ஒரு வருஷமா யோசிச்சு வச்சிருந்தாராம்!"

எல்வீரா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"டோக்கன் எங்க தம்பி?"

அவன் என்றைக்கு டோக்கன் வாங்கினான்? கோட்டை என் மேல் வீசிவிட்டுப் போகிறவன்.

"என்னோடது அதோ, அந்தக் கம்பியில..."

"டோக்கன் இல்லாதவங்க எல்லாருக்கும் பின்னால நில்லுங்க."

சிரிப்பில் கூரை பிய்ந்தது. அவன் போய் நின்றான். வெளிநாட்டுக்காரர்கள் அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

விழாவுக்கு அழைப்பு வந்தது. கூட வரச் சொல்லி எல்வீராவைக் கெஞ்சினான். "கலைக்கு நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்திக்கு நரைமுடி ஒட்டிக் கூட்டிப்போனான். கோட் மாட்டும் கம்பிகள், டோக்கன்கள், என் முக்காலி வரைக்கும் லாரியில் ஏறின.

விழா ஜூலை மாதம். வந்தவர்கள் ஒருவரிடமும் கோட் இல்லை.