பால்கனிக்கு ஒரு ஹெல்மெட்

துணி காயப்போட பால்கனிக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி ஹெல்மெட் போட்டுக்கொள்வாள். ஒருநாள் அவள் காலடியில், மேலே இருந்து தேங்காய் மூடி அளவுக்கு ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து விழுந்தது. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. எதிர் பிளாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழம் தள்ளி நின்றிருந்தால் அது அவள் தலையில்தான் விழுந்திருக்கும்.

கட்டியவரைப் பிடித்துக் கேட்க வேண்டியதுதானே என்பீர்கள். அவர் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரின் மாப்பிள்ளை. தலைவர் எங்களுக்குப் பக்கத்து வீடு. காரைக்குடிப் பக்கம் குழம்பில் உப்பு இல்லை என்று மாப்பிள்ளை சொல்லலாம். கூரையில் சிமெண்டு இல்லை என்று மாமனார் சொல்லக்கூடாது.

நான் விடாமல் நச்சரித்ததில் மாப்பிள்ளை ஒருநாள் பார்வையிட வந்தார். நேரே மாமனார் வீட்டுக்குள் போனவர், வெள்ளைப் பணியாரத்தில் தொடங்கிக் கவுனி அரிசி இனிப்பில் முடித்து, ஏப்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பால்கனிக்குள் கால் வைக்கவில்லை. நிலைப்படியில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

“வெறும் பூச்சுதான் மாமா. பயப்படாதீக.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் போனதும் தலைவரைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் எப்படிண்ணே அவுகளக் கேக்குறது? எம் பொண்ணுல்ல அங்க வாழுது” என்றார். பாவமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணே தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். வந்த நாலு நாளில், தலைவர் காலையிலேயே எங்கள் கதவைத் தட்டினார். கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், என் மனைவியிடம் ஹெல்மெட்டை இரவல் கேட்டார்.

“மாப்பிள்ளை போன் போட்டாக ஆச்சி. புள்ளைய பால்கனிப் பக்கம் விட்றாதீகன்னாக. காத்து வேணும்னு அது அங்குட்டேதான் போய் நிக்குது.”

என் மனைவி ஹெல்மெட்டை எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை.

“அப்ப அவுகளுக்கு விழும்னு தெரியும்! எம் மண்டைன்னா பூச்சு, அவுக பொண்டாட்டி மண்டைன்னா கான்கிரீட்டா?”

தலைவர் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அந்த வாரமே மாப்பிள்ளை மனைவியைப் பார்க்க வந்தார். விருந்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை தலைவர். இலையை மட்டும் தன் வீட்டுப் பால்கனியில், அங்கேயும் மேலே விட்டிருந்த விரிசலுக்கு நேர் கீழே போட்டிருந்தார். நாங்கள் எங்கள் பால்கனிக் கதவோரம் நின்று வெட்கமே இல்லாமல் வேடிக்கை பார்த்தோம்.

“காத்தாட உக்காருங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். பணியாரம் வந்தது, கோழி வந்தது, நண்டு வந்தது. அவர் கண் இலைக்கு இறங்கவே இல்லை. கழுத்து வலித்திருக்கும்.

“என்ன மாப்பிள்ளை, மேலயே பாக்குறீக?” தலைவரின் குரலில் மரியாதை இம்மியும் குறையவில்லை. “வெறும் பூச்சுதானே?”

நிறைமாத வயிற்றோடு மகள் உள்ளேயிருந்து வந்து, எங்கள் ஹெல்மெட்டைக் கணவரின் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாரம் கட்ட ஆள் வந்துவிட்டது. எல்லார் பால்கனிக்கும் சேர்த்துத்தான். ஹெல்மெட் மட்டும் இன்னும் வீடு திரும்பவில்லை. மேற்பார்வைக்கு வரும்போதெல்லாம் மாப்பிள்ளை அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறார்.