நோரா கேட்ட சுவர்க் கதவு

வென்பரியில் பழைய வீட்டுச் சுவரில் யாராவது ஓர் ஆணி அடித்தால்கூட ஹில்டா பென்ஃபோல்டின் காதுக்கு வந்துவிடும். ஊர் வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் அவள். கோழிச்சந்தைத் தெருவின் மரச்சட்ட வீடுகள் அத்தனையையும், தன் வீடு உட்பட, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்க வைத்தவளும் அவள்தான். பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தவர்களை அவள் படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா!

இப்போது சிக்கல் அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது. பக்கவாதத்தில் விழுந்த கணவர் சிரில் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். வாசல் கதவில் சக்கர நாற்காலி நுழையாது. கதவை அகலப்படுத்த முறைப்படி அனுமதி வாங்கி, செவ்வாய்க்கிழமை காலையில் வேலையும் ஆரம்பித்தாயிற்று. பூச்சை உடைத்தால் உள்ளே மேல்மாடியையே தாங்கி நிற்கும் ஓக் தூண்! அதில் அந்தக் காலத்துத் தச்சர்கள் செதுக்கிய அடையாளக் கோடுகள் வேறு. இன்னொருத்தர் வீடாக இருந்தால் ஹில்டா துள்ளிக் குதித்திருப்பாள். இங்கே தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் தூணை மறைத்து நின்றாள்.

கொத்தனார் ஸ்ப்ராக் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"மேடம், இதை நான் அறுத்தா என்னை மாட்டிவிடுற முதல் ஆளே நீங்கதான்."

சிரிலைப் பின்பக்கமாகவாவது கொண்டுவரலாம் என்றால் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வழி கிடையாது. பக்கத்து வீட்டு நோரா டிட்பாலுக்குத்தான் குதிரை வண்டியே நுழையும் அளவுக்குப் பெரிய வளைவு வாசல். அவள் முற்றத்துக்கும் ஹில்டாவின் தோட்டத்துக்கும் நடுவே மடத்துச் சாமியார்கள் காலத்துக் கற்சுவர்.

உடைக்கிற சத்தம் கேட்டு நோராவே குழம்புச் சட்டியோடு வந்தாள். வெளியே யாரிடமும் சொல்லாதே என்று ஹில்டா கெஞ்ச வாயெடுத்தாள். நோரா தூணைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"சுவர்ல ஒரு கதவு வெச்சுக்கறேன்னு அன்னைக்கு நான் கேட்டேனே, ஹில்டா. ஒரு கல்லை அசைக்க விடமாட்டேன்னு நகர சபை வரைக்கும் போய் நின்ன. அது இருந்திருந்தா சிரில் என் வாசல் வழியா நேரா வந்திருப்பாரு."

அவள் குரலில் குத்தல்கூட இல்லை. ஹில்டாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"இப்போ கேளு நோரா. நானே கையெழுத்துப் போடுறேன்."

"கேக்கலாம். பதில் வர எட்டு வாரம் ஆகும், யாருக்காகவும் குறைக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன."